குலுங்காத குப்பி

செப்டம்பர் கடைசி. மொகோட்லோங் மலையில்
இன்னும் பனி விடவில்லை.
குழாய் உறைந்திருந்ததால்
பனியை வெட்டிக் கெட்டிலில் போட்டுக்கொண்டிருந்தேன்.
ஜன்னல் வழியே, ஒருவர்
எங்கள் வேலியில் குதிரையைக் கட்டுவது தெரிந்தது.
கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

பெயர் செகொன்யானா. வயது நாற்பத்தொன்று.
கம்பளிப் போர்வையைக் கழற்றாமலே
ஒரு விரலை மட்டும் நீட்டினார்.
இரண்டு கோடு.
வேறொரு கிட்டில் பார்த்தோம்.
அதிலும் இரண்டு கோடு.

வெகுநேரம் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சொன்னார்:
'அடுத்த வாரம் ரோமம் கத்தரிக்கத் தொடங்குகிறோம்.
முடிந்ததும் வருகிறேன்.'

முடிந்ததும் வருகிறேன்.
இந்தச் சொல்லுக்கு
எனக்குத் தெரிந்து ஒரு முகம் உண்டு.
லிபுவோ.
அப்போதெல்லாம் மூன்று வகுப்பு முடித்தால்தான் மாத்திரை.
இரண்டுக்கு வந்தாள்.
மூன்றாவது நாள் ஆற்றில் வெள்ளம்.
வெள்ளம் வடிந்தபின்
கதவுப் பலகையில் கிடத்தி நான்கு பேர் தூக்கிவந்தார்கள்.
அவள் கோப்பில்
'இன்னும் தயாராகவில்லை' என்று எழுதியிருந்தது.
எழுதியது நான்.

'இந்த மாதம் செத்துவிடுவேனா?'
'மாட்டீர்கள்.'
'அப்புறம் ஏன் இன்றைக்கே?'

நான் கெட்டிக்காரத்தனமாக
ஆட்டுச் சொறியை உவமை சொன்னேன்:
ஓர் ஆட்டில் கண்டதும் மருந்துத் தொட்டியில் இறக்குவீர்களா,
மந்தையெல்லாம் பரவட்டும் என்று இருப்பீர்களா?
'நான் ஆடு இல்லை' என்றார்.
இல்லைதான்.
மன்னிப்புக் கேட்டேன்.

நர்ஸ் மாலிஹோ நேராகக் கேட்டார்.
இருமல்? இல்லை.
ராத்திரி வேர்வை? இல்லை.
விடாத தலைவலி? இல்லை.
'அப்படியானால் இன்றே தொடங்கலாம்.
நாளொன்றுக்கு ஒன்று' என்று
குப்பியை மேசையில் வைத்தார்.

அவர் அதை எடுத்து
காதருகே வைத்துக் குலுக்கினார்.
முப்பது மாத்திரையும் கலகலவென்றன.
'மலைக்குடிலில் எட்டுப் பேர் படுக்கிறோம்' என்றார்.
'குதிரை நடக்கும்போதும் இது பேசும்.'

சாவு இல்லை, மனைவி இல்லை,
கத்தரிப்பும் இல்லை.
இந்தச் சத்தம்தான்.

கட்டுப்போடும் பஞ்சில் ஒரு பிடி கிழித்து
குப்பிக்குள் திணித்தேன்.
குலுக்கிக் காட்டினேன்.
என் கோட்டுப் பையிலிருந்து
இன்னொரு குப்பியை எடுத்து
அதையும் குலுக்கினேன்.
அதுவும் வாய் திறக்கவில்லை.
'யாருடையது?'
'பதினோரு வருஷமாக என்னுடையது.'

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்;
நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று
தேடுகிறவர் போல.
தேடட்டும் என்று நின்றேன்.

முதல் மாத்திரைக்கு
கெட்டில் தண்ணீர் ஆற வேண்டியிருந்தது.
மூன்று பேரும் தம்ளரைச் சுற்றி நின்று ஊதினோம்.
அன்றைக்கு நாங்கள் காத்திருந்தது
அதற்கு மட்டும்தான்.

விழுங்கினார். முகத்தைச் சுளித்தார்.
போர்வைக்கடியில் எங்கோ குப்பி மறைந்தது.
குதிரை மேடேறும்வரை
காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
குளம்புச் சத்தம் மட்டுமே கேட்டது.

இருபத்தெட்டாம் நாள்.
கத்தரிப்பு இன்னும் முடியவில்லை.
ஆனாலும் கொழுப்பும் புழுக்கையும் மணக்க
வாசலில் நின்றார்.
குப்பியைத் திறந்தேன்:
இரண்டு மாத்திரை.
என் பஞ்சைக் காணோம்.
பதிலுக்கு, வெள்ளாட்டின் பளபளக்கும் ரோமம்
ஒரு சிறு சுருள்.
'உங்கள் பஞ்சு நனைந்துவிட்டது' என்றார்.
'இது முதல் தரம். இதற்கு நல்ல விலை.'

புதுக் குப்பியில் கையெழுத்து வாங்கும்போது
வேலியைப் பார்த்தேன்.
இரண்டு குதிரைகள்.
நீலப் போர்வை போர்த்திய ஒரு பெண்
கடிவாளத்தை விடாமல்
உள்ளே வராமல் நின்றாள்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு
வெளியே போனேன்.